பூஜ்யம் என்று எழுதச் சொன்னார்கள்

எங்கள் வீட்டுக் கரண்ட் பில் பூஜ்யம். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீடு. ஒரு ஃபிரிட்ஜ், ஒரு கிரைண்டர், மூன்று ஃபேன், ஒரு டிவி. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் கட்டணம் இல்லை என்று 2023-ல் கர்நாடக அரசு கிருக ஜோதித் திட்டம் கொண்டுவந்ததிலிருந்து, ரீடிங் எடுக்க வரும் பையனின் மெஷின் தள்ளுகிற சீட்டில் கடைசி வரி 0 என்றுதான் இருக்கிறது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை மட்டும் பார்ப்பார். "இந்த மாசமும் கரண்டே ஆவல பாரு" என்பார். நான் மேலே இருக்கும் வரியைக் காட்டுவேன். 94 யூனிட். "ஆயிருக்கும்மா. நாம கட்டல, அவ்ளோதான்."

அந்தத் திட்டத்துக்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன். எங்கள் மாதிரி வீட்டுக்கு மாதா மாதம் மிஞ்சும் அந்தக் காசு பெரிது. ஆனால் கட்டியது ஒரு கணக்கு, ஓடியது ஒரு கணக்கு. அம்மாவிடம் சொன்ன இதே விஷயத்தைப் போன வருஷம் மே மாதம் ஆபீஸ் மீட்டிங்கில் எழுந்து நின்று சொல்ல வேண்டியிருந்தது. அன்று கை நடுங்கியது. இன்றைக்கும் அதை நினைத்துக்கொண்டேதான் வேலை செய்கிறேன், அதனால் எழுதி வைக்கிறேன்.

பீன்யாவில் ஓர் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். ரூபாய்க் கணக்கு பார்க்க வந்தவள். ஐந்தாறு வருஷமாகக் கார்பன் கணக்கும் என் மேஜைக்கு வந்துவிட்டது. சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், இந்தச் சட்டையைத் தைக்க எத்தனை கிலோ கரியமில வாயு போனது என்று கேட்கின்றன. நாங்களே எரிப்பதற்கு ஸ்கோப் ஒன் என்று பெயர். ஜெனரேட்டருக்கு ஊற்றும் டீசல் அதில் வரும், லிட்டருக்கு 2.68 கிலோ. இஸ்திரிக்கு நீராவி தரும் பாய்லரில் போடுகிற மரத்தூள் கட்டியின் புகையைக் கூட்டலில் சேர்க்காமல் பக்கத்தில் தனியாக எழுதச் சொல்கிறது விதி, மரம் திரும்ப வளரும் என்ற கணக்கில். (அந்த விதியில் எனக்கு முழு நிம்மதி இல்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) வெளியிலிருந்து வாங்கும் மின்சாரம் ஸ்கோப் டூ. எங்களுக்கு வருஷத்துக்குச் சுமார் 18 லட்சம் யூனிட். பிரச்சினை முழுக்க இங்கேதான்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்ற பேச்சு எங்கள் வீட்டுக்குப் புதிதல்ல. நான் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் பிறந்தவள். தாத்தா சுரங்கத்தில் வைண்டர் ஓட்டினார், ஆட்களைக் கூண்டில் பூமிக்கடியில் இறக்கி ஏற்றுகிற வேலை. ஊரில் மின்சாரம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்: "பெங்களூருக்கு முன்னாடி நம்மூருக்குத்தான் கரண்ட் வந்துச்சு, தெரிமா?" அவர் பெருமைக்குச் சொன்னதில்லை அது, உண்மைதான். 1902 ஜூன் 30 அன்று காவிரியின் சிவனசமுத்திரம் அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிய 1905 ஆகஸ்ட் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திட்டத்துக்கு அடிபோட்ட திவான் சேஷாத்ரி ஐயர் அந்தக் கரண்டைப் பார்க்காமலே 1901-ல் இறந்துபோனார். அதுவரை நீராவியில் ஓடிய சுரங்கம் தண்ணீருக்கு மாறியது.

அந்தக் கரண்டுக்குக் கார்பன் கணக்கு எழுதுவது சுலபம். ஒரே ஆறு, ஒரே அருவி, ஒரே கம்பி. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைந்தால் தங்கவயலில் தட்டுப்பாடு. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் அணை கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தத் தண்ணீர் எந்த மோட்டாரைச் சுற்றியது என்று விரலை வைத்துக் காட்டலாம். வேடிக்கை என்று சொல்ல மாட்டேன், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது: 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையங்களை 2019 மார்ச்சில்தான் இந்திய அரசு புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்ற கணக்கில் சேர்த்தது. சிவனசமுத்திரம் 42 மெகாவாட். நூற்றுப் பதினேழு வருஷம் அந்தத் தண்ணீர் சுற்றிய பிறகு.

இன்றைக்கு விரலை வைக்க முடியாது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத் தென்னாட்டு மின்தொகுப்பு (கிரிட்) வடக்கோடு ஒரே துடிப்பில் சேர்ந்தது. அதற்கு முந்தின வருஷம், 2012 ஜூலை 30-ல் வடக்கும், மறுநாள் 31-ல் வடக்கோடு கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களும் இருண்டுபோனது பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் டெல்லி ஆபீஸில் யாரும் போன் எடுக்கவில்லை. பீன்யாவில் தையல் மெஷின்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன, தெற்கு அப்போது தனித் தாளம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்கிற கார்பன் எண்ணும் அந்தக் காலத்தில் தெற்குக்குத் தனி. இப்போது காஷ்மீருக்கும் கன்னியாகுமரிக்கும் ஒரே எண்.

இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் பால் சொசைட்டியை வைத்துத்தான் விளக்குவேன். என் பெரியம்மா பங்காருபேட்டைப் பக்கத்தில் இரண்டு மாடு வைத்திருந்தார். விடிகாலையில் தூக்குவாளியில் கொண்டுபோய் சொசைட்டியில் ஊற்றுவார். லிட்டர் பார்த்து, கொழுப்பு பார்த்து, ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். பால் அப்போதே பொதுக் கேனில் போய்விடும். பெரியம்மா இத்தனை லிட்டர் ஊற்றினார் என்பதற்கு அந்தச் சீட்டு சாட்சி. ஆனால் மாலையில் யார் வீட்டு டீயில் பெரியம்மாவின் மாட்டுப் பால் இருக்கிறது என்று அந்த மாடாலும் சொல்ல முடியாது. பாவகடா சோலார், சித்ரதுர்கா காற்றாலை, சராவதித் தண்ணீர், கைகா அணு உலை, ராய்ச்சூர், பெல்லாரி நிலக்கரி எல்லாம் அந்தக் கேனில்தான் விழுகின்றன. நமக்கு வருவது கேன் பால்.

இப்போது அந்தச் சீட்டைத் தனியாக விற்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் ஆர்.இ.சி. என்கிற புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2010-ல் கொண்டுவந்தது. 1,000 யூனிட் காற்று மின்சாரமோ சூரிய மின்சாரமோ தொகுப்பில் ஏறினால் ஒரு சான்றிதழ். கரண்ட் சாதாரணக் கரண்டாக ஒரு பக்கம் போகும், "சுத்தம்" என்கிற சீட்டு இன்னொரு பக்கம் எக்ஸ்சேஞ்சில், அதாவது மின்சாரச் சந்தையில், விலைக்கு வரும். 2022 டிசம்பரில் வந்த புதிய விதியில் குறைந்தபட்ச விலை, அதிகபட்ச விலை இரண்டையும் எடுத்துவிட்டார்கள். விற்கும்வரை சான்றிதழுக்குக் காலாவதியும் இல்லை. ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

எங்கள் தொழிற்சாலை 18 லட்சத்தில் 13 லட்சம் யூனிட்டைக் காற்றாலைக்காரரிடம் ஓப்பன் ஆக்சஸில், அதாவது பொதுக் கம்பி வழியாகவே ஆனால் தனி ஒப்பந்தம் போட்டு, நேரடியாக வாங்குகிறது. மீதி 5 லட்சம் சாதாரண லைன். அந்த 5 லட்சத்துக்கு 500 சான்றிதழ் வாங்கினார்கள். ஆக, மொத்தமும் சுத்தம். ஸ்கோப் டூ என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுது என்றார்கள்.

எழுதலாம். பொய் இல்லை. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கிரீன்ஹவுஸ் கேஸ் புரோட்டோகால் 2015-ல் ஸ்கோப் டூவுக்கென்று தந்த வழிகாட்டி அதை அனுமதிக்கிறது. ஆனால் அதே வழிகாட்டி இரண்டு வரி எழுதச் சொல்கிறது. ஒன்று சந்தை வழிக் கணக்கு, நீ என்ன ஒப்பந்தம் போட்டாய், என்ன சீட்டு வாங்கினாய் என்று பார்ப்பது. இன்னொன்று இட வழிக் கணக்கு, நீ இருக்கும் இடத்துத் தொகுப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு புகை என்று பார்ப்பது. முதல் வரியில் எங்களுக்கு 0. இரண்டாவது வரியில் 1,309 டன். இரண்டாவதை விட்டுவிடு என்பதுதான் உத்தரவு.

1,309 எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். டெல்லியில் ஆர்.கே.புரம் சேவா பவனில் இருக்கும் மத்திய மின்சார ஆணையம் வருஷா வருஷம் ஒரு புள்ளிவிவர ஏடு வெளியிடுகிறது. நாட்டின் மின்நிலையங்கள் எவ்வளவு எரித்தன, எவ்வளவு மின்சாரம் தந்தன என்று கூட்டி, ஒரு யூனிட்டுக்கு இத்தனை கிலோ என்று சொல்வது. 2023-24-க்கு அந்த எண் 0.727. எங்கள் 2024-25 கணக்கை எழுதும்போது கையில் இருந்த கடைசி எண் அதுதான். 18 லட்சத்தை 0.727-ஆல் பெருக்குங்கள், வந்துவிடும்.

இந்த எண்ணை நான் எத்தனை முறை எழுதியிருப்பேனோ. மூன்று தசமப் புள்ளி. அதன் முந்தின வருஷம் 0.716. அதாவது ஏறியிருக்கிறது. நாடு முழுக்க சோலார் போடுகிறார்கள், எண் ஏன் ஏற வேண்டும் என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குக் குழாயடியில் குடம் பிடித்துக்கொடுக்கும்போது உறைத்தது. 2023-ல் மழை பொய்த்தது. கர்நாடகத்தில் பெரும்பாலான தாலுக்காக்களை வறட்சித் தாலுக்கா என்று அறிவித்தார்கள். அந்த அக்டோபரில் மாநிலத்தில் கரண்ட் தட்டுப்பாடு, அடுத்த கோடையில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம். நாடு முழுக்கவே அணைகளில் தண்ணீர் இல்லாமல் நீர்மின் உற்பத்தி விழுந்தது, கரண்ட் தேவையோ கூடியது. அந்த இடத்தை நிலக்கரி நிரப்பியது. 0.011 வித்தியாசம். எங்கள் தொழிற்சாலையில் ஒரு மெஷின்கூடக் கூடவில்லை, ஒரு பல்புகூட மாறவில்லை, ஆனாலும் 20 டன் ஏறிவிட்டது. நாங்கள் குடம் வைத்துக் காத்திருந்த அதே மழைதான் அந்த 0.011-ல் இருந்தது. பூஜ்யம் என்று மட்டும் எழுதினால் இது எதுவும் காகிதத்தில் தெரியாது. மழை பெய்தாலும் பூஜ்யம், பொய்த்தாலும் பூஜ்யம்.

இந்த எண்ணைக் கையாளுவதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் 0.82 என்று போடுவார்கள். அந்தப் பழைய எண்ணில் காற்றும் சூரியனும் சேரவில்லை. இப்போது தருவது சேர்த்த எண். பழைய வருஷத்துக்கு 0.82, புது வருஷத்துக்கு 0.7 என்று போட்டு, பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்துவிட்டோம் என்று எழுதியிருந்த ஓர் அறிக்கையைப் பார்த்தேன். எங்களுடையது அல்ல. அளக்கும் படியை மாற்றிவிட்டு அரிசி குறைந்துவிட்டது என்று சொல்வது அது.

போன ஜூலையில் என் அண்ணன் பையன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினான். "அத்தை, இந்தியாவுல பாதி கரண்ட் க்ளீன் ஆயிடுச்சாம், 2030 டார்கெட்ட இப்பவே அடிச்சிட்டாங்களாம்." செய்தி உண்மை. 2025 ஜூன் கடைசியில் நாட்டின் நிறுவுதிறன் சுமார் 485 ஜிகாவாட், அதில் பாதி நிலக்கரியோ எரிவாயுவோ எரிக்காதது. அது சின்னச் சாதனை இல்லை, அவனிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் நிறுவுதிறன் என்பது மஸ்டர் ரோலில் இருக்கும் பெயர். சுரங்கத்தில் நைனா (அப்பா) காலத்தில் மஸ்டரில் நூறு பேர் இருப்பார்கள், அதில் யார் எத்தனை ஷிப்ட் இறங்கினார் என்பது வேறு. சோலார் பேனல் ராத்திரி வராது, மேகம் வந்தால் பாதி நாள். நிலக்கரி மூன்று ஷிப்டும் இறங்கும். பெயரை எண்ணினால் பாதிப் பாதி, ஓடிய யூனிட்டை எண்ணினால் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் இன்னும் நிலக்கரிதான். நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு. "அப்போ பொய்யா அத்தை?" என்று கேட்டான். பொய் இல்லடா, ஆள் கணக்கு அது, ஷிப்ட் கணக்கு இன்னும் வரல என்றேன்.

ஷிப்ட் கணக்கு என்று வாயில் வந்ததே, அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உண்மையில் அதற்கு முன்பே பிடித்துக்கொண்டிருந்தது, பிப்ரவரியில். எங்கள் எலக்ட்ரீஷியன் கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பி. ஒருநாள் பேனல் ரூமில் பேசிக்கொண்டிருந்தபோது, "அக்கா, நீங்க வருஷக் கணக்கு போடுறீங்க. மீட்டர் கால் மணிக்கு ஒருதரம் எழுதுது, தெரியுமா?" என்றார். தெரியும், ஆனால் தொட்டதில்லை. நாட்டின் மின்தொகுப்பே ஒரு நாளை 96 கட்டமாகப் பிரித்துத்தான் ஓடுகிறது. கட்டத்துக்குப் பதினைந்து நிமிஷம். எந்த நிலையம் எவ்வளவு தர வேண்டும், யார் எவ்வளவு எடுக்கலாம், எக்ஸ்சேஞ்சில் என்ன விலை, எல்லாம் கட்டக் கணக்கு. 49-வது கட்டம் நண்பகல் பன்னிரண்டு. 77-வது கட்டம் மாலை ஏழு.

காற்றாலைக்காரர் மாதா மாதம் அனுப்பும் தாளிலும் கட்டக் கணக்கு இருந்தது, யாரும் பிரித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எங்கள் மீட்டர் தாளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரு வருஷத்துக்கு 35,040 வரி. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒரு மணி நேரம், சனிக்கிழமை மத்தியானம் என்று இரண்டு மாதம் ஆயிற்று. தம்பியும் பல நாள் கூட உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் காற்றாலை எவ்வளவு ஏற்றியது, அதே கட்டத்தில் நாங்கள் எவ்வளவு எடுத்தோம் என்று பார்த்தோம்.

ஆடி மாதத்துத் தாளைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. இரவும் பகலும் காற்று. எங்கள் தேவையைத் தாண்டி ஓடியிருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் தொழிற்சாலையில் வாட்ச்மேன் லைட்டைத் தவிர என்ன எரியும்? அந்தக் கரண்டைத் தொகுப்பில் "போட்டு வைத்து" அந்த மாதத்துக்குள் பிறகு எடுத்துக்கொள்ளலாம். பேங்கிங் என்று பெயர், விதி அனுமதிக்கிறது. தை, மாசி மாதத்துத் தாள் வேறு கதை. காற்று விழுந்து கிடக்கிறது. எங்களுக்கோ அதுதான் ஷிப்மென்ட் சீசன், ராத்திரி எட்டு வரை ஓவர்டைம். ஏழு மணிக்கு, 77-வது கட்டத்தில், காற்றும் இல்லை, சூரியனும் இறங்கியாயிற்று. பெங்களூர் முழுக்க வீட்டுக்கு வந்து லைட் போடுகிற நேரம் அது. எங்கள் மெஷின்களை ஓட்டியது கேனில் அந்த நேரம் இருந்த பால். பெரும்பகுதி நிலக்கரி.

சரி, நிலக்கரி நிலையத்தைப் பகலில் அணைத்து வைத்திருக்கலாமே என்று கேட்பார்கள். அது ஃபேன் ஸ்விட்ச் இல்லை. மாலையில் தேவைப்படும் என்பதற்காகப் பகல் முழுக்கக் குறைந்த தணலில் வைத்திருக்க வேண்டும். 55 சதவீதம் வரை இறக்கி ஓட்டப் பழக வேண்டும், அதற்குப் பின் 40-க்குப் போக வேண்டும் என்று 2023-ல் விதி போட்டார்கள். ஆக, மாலையில் நாங்கள் ஓட்டும் ஒரு மெஷினுக்காக மத்தியானமும் எங்கோ ஒரு பாய்லர் கனிந்துகொண்டிருக்கிறது.

கூட்டி முடித்தபோது, 13 லட்சம் காற்று யூனிட்டில் நாங்கள் எடுத்த அதே கட்டத்தில் வந்து சேர்ந்தது 7 லட்சம். நாங்கள் எடுத்த 18 லட்சத்தில் மீதி 11 லட்சம் யூனிட்டுக்கு அந்த நேரத்தில் எங்களிடம் காற்று இல்லை. 0.727-ஆல் பெருக்கினால் 800 டன். மாலை நேரத்துப் பால் பகல் பாலைவிடக் கறுப்பு என்பதால் உண்மை அதற்கும் மேலேதான் இருக்கும்.

பூஜ்யம், 800, 1,309. ஒரே தொழிற்சாலை, ஒரே வருஷம், ஒரே மீட்டர்.

இன்னொன்றும் அந்தத் தாள்களோடு மல்லுக்கட்டும்போதுதான் புரிந்தது. பக்கத்து ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி இருக்கிறது. அவர்கள் சான்றிதழ் எதுவும் வாங்குவதில்லை, 0.727 போட்டு எழுதுகிறார்கள். நியாயமாகத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அந்த 0.727-க்குள் எங்கள் காற்றாலையும் இருக்கிறது. நாங்கள் அந்தக் காற்றை முழுசாக எங்களுடையது என்று எழுதிக்கொண்டோம், அவர்களும் அதில் ஒரு துளியை அறியாமலே எடுத்துக்கொண்டார்கள். பெரியம்மா தன் சீட்டை விற்றுவிட்டார், சொசைட்டியோ கேனில் கொழுப்பு எவ்வளவு என்று எல்லோருக்கும் சொல்லும்போது பெரியம்மாவின் பாலையும் சேர்த்துச் சொல்கிறது. ஐரோப்பாவில் விற்றுப்போன சீட்டுகளைக் கழித்துவிட்டு மிச்சப் பாலுக்கு ஒரு தனி எண் வெளியிடுகிறார்கள். இந்தியாவுக்கும் அது வேண்டும். சீட்டு விற்பனைப் பதிவேடு நாட்டின் மின்தொகுப்பை இயக்கும் கிரிட் இந்தியாவிடம் இருக்கிறது, உற்பத்திக் கணக்கு மத்திய மின்சார ஆணையத்திடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்தால் முடியக்கூடிய வேலைதான்.

இப்போது அந்த மீட்டிங். எட்டுப் பேர். நிதிப் பிரிவுத் தலைவர் சொன்னார், "ரெண்டு நம்பர் போட்டா பையர் கன்ஃப்யூஸ் ஆவாரு. பூஜ்யம் நல்ல நம்பர்மா. பக்கத்துக் கம்பெனிக்காரன் அதைத்தான் போடுறான்." அவர் கெட்டவர் இல்லை. அந்த 13 லட்சம் யூனிட் காற்று ஒப்பந்தத்தை மூன்று வருஷம் அலைந்து கொண்டுவந்தவர் அவர்தான். அந்தக் காற்றாலை நட்டதில் எங்கள் ஒப்பந்தத்துக்கும் பங்கு உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல நான் எழுந்து நிற்கவில்லை. சான்றிதழ் 500 வாங்கியதைப் பற்றித்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்போதோ நட்டு, எப்படியும் ஓடிக்கொண்டிருந்த காற்றாலையின் சீட்டுக்குச் சில நூறு ரூபாய் கொடுத்தால் ராய்ச்சூரில் ஒரு கூடை நிலக்கரிகூட மிஞ்சாது.

நான் சொன்னது இதுதான். "சார், பூஜ்யம் போடுங்க, அது நாம உழைச்சது. பக்கத்துல 1,309-ம் போடுங்க, அது நாம ஓட்டினது. ஒண்ண மறைச்சா இன்னொண்ணு யாரும் நம்ப மாட்டாங்க." கட்டக் கணக்குத் தாளையும் காட்டினேன். இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உற்பத்தி மேலாளர் ஒருவர்தான் தாளை வாங்கி, 77-வது கட்டத்தில் விரலை வைத்து, "இந்த நேரத்துல என்ன ஓடுது?" என்று கேட்டார்.

அறிக்கையில் இரண்டு வரியும் வந்தது. பூஜ்யம் இரண்டாம் பக்கத்தில் பச்சைப் பெட்டிக்குள். 1,309 பின்னிணைப்பில், சின்ன எழுத்தில். 800 வரவில்லை, அது என் தாளில்தான் இருக்கிறது. அப்போது அதற்கு விதியும் இல்லை. அக்டோபரில் அந்த 2015 வழிகாட்டியை எழுதியவர்களே திருத்த வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டார்கள். சுத்த மின்சாரம் என்று சொல்ல வேண்டுமானால் மணிக்கு மணி பொருந்த வேண்டும், அந்த மின்சாரம் உன் இடத்துக்கு வந்து சேரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வரைவைப் படித்த அன்று ராத்திரி தம்பிக்குப் போன் செய்தேன். "நம்ம ஒரு படி மேல, அக்கா. நம்மது கால் மணி" என்றார்.

உற்பத்தி மேலாளர் கேட்ட கேள்விக்குப் பதில்: வாஷிங் பிரிவு. தைத்த துணியைத் துவைத்து உலர்த்துகிற இடம், அதோடு கழிவுநீர் சுத்திகரிப்பு மோட்டார்கள். மாலை நாலிலிருந்து எட்டு வரைதான் அவை முழு மூச்சாக ஓடும். தையல் முடிந்து துணி வந்து சேரும் நேரம் அது என்பதால் அப்படி ஒரு பழக்கம். முந்தின நாள் தைத்ததை மறுநாள் காலை பத்தரைக்குத் துவைத்தால் என்ன? கூரையில் சோலார் ஓடும், பாவகடாவும் ஓடும், எக்ஸ்சேஞ்சில் விலையும் குறைவு. ஐந்து மாதம் பேசி, நவம்பரில் மாற்றினார்கள். சுத்திகரிப்பு மோட்டார்களும் மத்தியானத்துக்கு வந்துவிட்டன.

வாஷிங் பிரிவில் 31 பேர், எல்லோரும் பெண்கள், பாதிப் பேர் ராஜாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க்காரர்கள். முதல் மாதம் மெட்ரோவில் என்னைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறோம், பிள்ளைக்குச் சோறு போட முடிகிறது என்று ஒருத்தி சொன்னாள். சம்பளம் வந்த அன்று இன்னொருத்தி, குவெம்பு ரோடு ஸ்டேஷனில் என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, ஓவர்டைம் போச்சே. நீங்கதான் கணக்கு போட்டீங்களாமே?"

ஆமாம் என்றேன். ஸ்ரீராமபுரம் வரை வேறு பேச்சு வரவில்லை.

மத்தியான விலை வித்தியாசத்தில் கம்பெனிக்கு மாதம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று என்னிடம் கணக்கு இருக்கிறது. அதில் ஒரு பங்கை அந்த 31 பேருக்கு ஷிப்ட் மாற்றப் படியாகக் கொடுக்க வேண்டும் என்று டிசம்பரில் எழுதிக் கொடுத்தேன். "பார்க்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. மறுபடி எழுதியிருக்கிறேன்.

ஜனவரி மாதத்துக் கட்டங்கள் நேற்று வந்தன. 77-வது கட்டத்தில் சராசரி போன வருஷம் 110 யூனிட், இந்த வருஷம் 62. தம்பி தாளின் மேல் பெரிய டிக் போட்டு அனுப்பியிருந்தார். அதை ஃபைலில் வைக்கும் முன் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்: வாஷிங், 31 பேர், ஓவர்டைம் பாக்கி.